அடித்தல் திருத்தல்

தார்த்து நகரம். ஜனவரி.
மூன்றரை மணிக்கே ஜன்னலில் இருட்டு வந்து ஒட்டிக்கொண்டது.
உறைந்த ஆற்றின் மேல் யாரோ
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள்,
தாங்கும் என்ற நம்பிக்கையில்.

நான் வாஸ்கோயா ஊர் நீதிமன்றத்தின்
1871ஆம் ஆண்டுப் பதிவேட்டில்
நாற்பத்தாறாம் பக்கத்தில் இருக்கிறேன்.
முடித்துவிட்ட பக்கம்தான்.
மூன்று நாளாய் அங்கேயே நிற்கிறேன்.

லேனு, பண்ணை வேலைக்காரி
(குடும்பப் பெயர் எழுதப்படவில்லை)
கேட்கிறாள்:
அரை மூட்டை வாற்கோதுமை,
ஒரு ஜோடி கம்பளிக் கையுறை.
ஒரு வருஷத்துக் கூலி.
முதலாளி அடித்தார் என்கிறாள்.
முதலாளி இல்லை என்கிறார்.
"அழுதபடி சொன்னாள்" என்று எழுதிய எழுத்தர்
மறுபடி பேனாவை மையில் தொட்டு
அந்த இரண்டு சொல்லையும்
ஒரே கோட்டில் அடித்தார்.

என் தொழிலில் இதற்கொரு குறி உண்டு.
அடிபட்ட சொல்லுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
கோண அடைப்பு வைத்து
'நீக்கம்' என்று எழுதுவோம்.
நீக்கம் என்று எழுதிவிட்டால் நீங்காது.
கணினி மேலும் கேட்கும்:
யார் கை? எழுத்தர் கை.
என்ன மை? அதே மை.
எவ்வளவு உறுதி? அதிகம்.
ஏன் என்று கேட்க அதற்குக் கட்டம் இல்லை.

நவம்பரில் மதிப்பீட்டுக் குழு கேட்டது:
இது பிரசுரமா, சேவையா?
எட்டு வருஷம், பதினோராயிரம் பக்கம்,
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
ஒவ்வொரு புள்ளியாய்ப் பார்த்தது
படிவத்தில் 'இதர' என்ற வரிக்குள் போயிற்று.
ஹில்லார் ஓயாசார் கனிவாகத்தான் சொன்னார்:
"இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதலாமே."
விளக்கைப் பற்றி எழுதினால் ஆய்வு.
ஏற்றினால் எண்ணெய்ச் செலவு.

என்னோடு சேர்ந்து வாசிப்பவர்கள் நூற்றுச் சொச்சம் பேர்.
ஒருவர் முகமும் தெரியாது.
தைவோ, ஹெல்சின்கி போகிற கப்பலில் தட்டுக் கழுவுபவர்,
ராத்திரி கை துடைத்துவிட்டு
கைபேசியில் ஒரு பக்கம் வாசித்து அனுப்புவார்.
அந்தக் காலக் கையெழுத்தில்
இரட்டைப் பிள்ளைகளாய் நிற்கும் எழுத்துகளை
நடையை வைத்தே பிரித்துவிடுவார்.
என் மாணவர்களுக்கு அது வரவில்லை. எனக்கும்தான்.

போன வாரம் பதிப்பின் திரையை மாற்றினோம்.
கண்ணுக்கு இதமாக, என்றது ஒப்பந்தம்.
அடித்தல்களைக் காட்டும் பொத்தானை எடுத்துவிட்டார்கள்.
யாரும் அழுத்துவதில்லை என்று வரைபடம் காட்டினார்கள்.
இப்போது ஒவ்வொரு பக்கமும்
அடித்தல் திருத்தல் இல்லாமல்,
நோட்டரி கையெழுத்துப் போடலாம் போல.

தைவோவிடமிருந்து ஒரே வரி வந்தது:
லேனு அழுததை யார் எடுத்தது?

எடுக்கவில்லை, கோப்பில் இருக்கிறது,
காட்டவில்லை, அவ்வளவுதான்
என்று தட்டி, அனுப்பாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எழுத்தரைக் கேட்டிருந்தால்
அவரும் இதையேதான் சொல்லியிருப்பார்.
நாற்பத்தேழாம் பக்கத்தில் தீர்ப்பு:
கையுறை மட்டும்.

பொத்தானுக்கு நிதி இல்லை.
நிரலில் இரண்டு வரி நானே மாற்றினேன்,
நாற்பத்தாறாம் பக்கத்துக்கு மட்டும் என்று நினைத்து.
பதினோராயிரம் பக்கத்திலும்
அடித்ததெல்லாம் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டது:
தப்பாய்க் கூட்டிய அபராதம்,
இரண்டு தடவை எழுதிய தேதி,
ஒரு மாட்டின் நிறம்,
எழுத்தர் பேனா சரிபார்த்த கிறுக்கல்,
யாரோ யாரையோ திட்டிய ஒரு கெட்ட வார்த்தை,
பிறகு, பல பக்கங்களில், பல பெயர்களுக்குப் பக்கத்தில்,
அழுதபடி,
அழுதபடி.

எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.
ஒவ்வொன்றுக்கும் குறி போட்டவள் நான்தானே.

காலையில் ஒப்பந்தக்காரர் கூப்பிடுவார்.
தைவோவுக்கு எழுதினேன்: பாருங்கள்.
கப்பல் இந்நேரம் நடுக்கடலில்.
சிக்னல் கிடைக்காது.